கண்ணீரை எடுத்தார்கள், கடன் அட்டையை எடுக்கவில்லை

கடன் நெருக்கடியைப் பற்றிப் படம் எடுப்பவர் கடன்பட்டவரின் துயரத்தைக் காட்டினால் போதும், கடன் கொடுத்தவரின் கணக்குக்குள் நுழையத் தேவையில்லை என்ற எண்ணம் இங்கே வேரோடிக் கிடக்கிறது. படம் எடுப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பணம் தரும் தொண்டு நிறுவனங்கள் அப்படிச் சொல்கின்றன. பொதுநோக்கு மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்து படம் பார்க்கும் அதிகாரிகளும், பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களும்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை நான் மறுக்கிறேன். அது கடன்பட்டவருக்கு உதவவில்லை, கடன் கொடுத்தவரைக் காப்பாற்றுகிறது.

சில வருடங்களுக்கு முன், திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கிளிவெட்டிக்கு ஓர் ஒளிப்பதிவுக் குழு வந்தது. நுண்கடனால் நொந்த பெண்களைப் படம்பிடிக்க வேண்டும் என்றார்கள். வீடு காட்டியவன் நான். அந்த வீட்டு அக்கா கிணற்றடியில் நின்று பேசும்போது அழுதார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை பேசச் சொன்னார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்து பேசினார். இரண்டாம் தடவையும் அழுதார். பிறகு உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த கடன் அட்டையை எடுத்துவந்து நீட்டினார். கிழமைக்குக் கிழமை கட்டிய தொகை, கட்டத் தவறிய கிழமை, வசூலிக்க வந்தவரின் கையொப்பம், எல்லாம் அதில் இருந்தன. இயக்குநர் கை நீட்டவில்லை. "அது படத்துக்கு வராது அக்கா" என்றார். குழு போன பிறகு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அவங்க என்ட அட்டையப் பாக்கவே இல்லையே. பாக்காம என்னெண்டு விளங்கும்?"

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். நிதித்துறை சிக்கலானது, வட்டி வீதமும் பிணைமுறியும் திரையில் வந்தால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார், மனித முகம்தான் மனத்தைத் தொடும். கடன் வாங்கியவர் வயதுவந்தவர், தெரிந்தே கையெழுத்திட்டவர். ஆகவே அவருக்குத் தேவை விழிப்புணர்வு. பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினால் வழக்கு வரும், சின்னக் குழு தாங்காது. குற்றவாளி யாரென்று தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனங்களை விரட்டிவிட்டால் ஏழைப் பெண் மீற்றர் வட்டிக்காரனிடம் போய் விழுவாள். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிலர் பல வருடங்களாக இந்தப் பெண்களோடு வேலை செய்தவர்கள். அவர்களுடைய கடைசி வாதத்துக்கு உண்மையான எடை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்வேன்.

அதற்கு முன், இந்தக் கடன் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். 2006இல் போரால் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. அதில் ஒரு பகுதி கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில், தகரக் கொட்டில்களில், வருடக்கணக்காகக் கிடந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் மிச்சப் பாலங்களும் முடிந்தன. பாலத்தால் பஸ் வந்தது, ஆஸ்பத்திரி கிட்டவாயிற்று. கடன் கொடுப்பவர்களின் மோட்டார் சைக்கிள்களும் அதே பாலத்தால் வந்தன. மாடும் நகையும் போய், காணி உறுதியும் கையில் இல்லாத பெண்ணுக்கு வங்கி கடன் கொடுக்காது. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் வாசலிலேயே காசு தருகிறோம் என்றவர்களிடம் அவர் வாங்கினார். இதையெல்லாம் விட்டுவிட்டு அழுகையை மட்டும் எடுப்பது, மகாவலி பெருகியதைச் சொல்லாமல் வெள்ளத்தில் மிதந்த வீட்டை மட்டும் காட்டுவதற்கு ஒப்பாகும்.

1. எண்கள் படத்துக்கு வராது என்று யார் சொன்னது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாக் கடன், வட்டி 24 வீதம், 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 12,000. மொத்தம் 62,000. கிழமைக்கு 1,192 ரூபா. காதில் விழுவது 24 வீதம். ஆனால் முதலாம் கிழமையிலிருந்தே முதல் கரைந்துகொண்டு வருகிறது. 26ஆம் கிழமையில் அவர் கையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அரைவாசிக் கடன். வட்டியோ முழு 50,000க்கும் முழு வருடத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வருட வட்டி ஏறத்தாழ 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,000 ரூபாவை முதலிலேயே கழித்துக்கொண்டு 48,000ஐக் கையில் கொடுத்தால் அது 50 வீதத்தையும் தாண்டிவிடும்.

இதைக் காட்டக் கணினி வரைபடம் வேண்டாம். ஒரு சுளகும் 52 புளியங்கொட்டையும் போதும். கிழமைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தி, இப்போது உங்களிடம் எத்தனை கிடக்கிறது, எத்தனைக்கு வட்டி கட்டுகிறீர்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கும் விளங்கும். மூன்று நிமிடக் காட்சி. கிணற்றடியில் இரண்டு தடவை அழவைத்த நேரத்தில் இதை எடுத்திருக்கலாம்.

2008 நிதி நெருக்கடியைப் பற்றிச் சார்ள்ஸ் ஃபெர்குசன் 2010இல் எடுத்த 'இன்சைட் ஜொப்' படத்தில் வீடிழந்தவரின் அழுகை முக்கால்வாசி நேரம் ஓடவில்லை. அந்தப் படத்தில் அதிகம் பேசுபவர்கள் பொருளியல் பேராசிரியர்களும் ஒழுங்குபடுத்துநர்களும் வங்கி வட்டாரத்தாரும்தான். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட்ரிக் மிஷ்கின் 2006இல் ஐஸ்லாந்தின் நிதி உறுதிப்பாட்டைப் பற்றி அறிக்கை எழுத அந்நாட்டு வர்த்தகச் சங்கத்திடம் 1,24,000 டொலர் வாங்கினார். இரண்டு வருடத்தில் ஐஸ்லாந்தின் வங்கிகள் விழுந்தன. அந்தத் தொகையை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டபோது அவர் தடுமாறியதை உலகம் பார்த்தது. கண்ணீர் இல்லாத காட்சி, பார்த்தவர் மறக்கவில்லை. சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்காரும் அதற்குக் கிடைத்தது. 2012 சனவரியில் அமெரிக்கப் பொருளியல் சங்கம், ஆய்வு எழுதுவோர் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்பதை வெளியிட வேண்டும் என்று விதி செய்தது. அந்த விவாதத்தைப் பொது வெளிக்குத் தள்ளியதில் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எண்தான் அங்கே முகத்தை வெளிக்கொண்டு வந்தது.

2. கையெழுத்துப் போட்டவள் அவள்தானே என்கிறார்கள்.

நாடும் கையெழுத்துப் போட்டதே. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று இலங்கையின் நிதியமைச்சு அறிவித்தது. அதன் பிறகு பேச்சுவார்த்தை, ஆலோசகர்கள், மறுசீரமைப்பு. 2024 டிசெம்பரில் ஏறத்தாழ 1,250 கோடி டொலர் பெறுமதியான பிணைமுறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. தவணை நீண்டது, தொகையில் ஒரு பங்கு கழிந்தது. அது சரியான காரியம். கட்ட முடியாத கடனைக் கட்டச் சொல்வதில் பொருளில்லை. திறைசேரிக்கு நிதி விழிப்புணர்வு வகுப்பு எடுக்க யாரும் முன்வரவில்லை. அதன் வாசலில் இரவு ஏழு மணிவரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யாரும் உட்காரவில்லை. 2022இல் உரத்தடையால் பெரும்போக விளைச்சல் விழுந்து, கூலி வேலையும் இல்லாமல் போன பெண்ணுக்குத் தவணை நீட்டவும் தொகை கழிக்கவும் யார் மேசைக்கு வந்தார்கள்? கையெழுத்து எல்லோருக்கும் ஒன்றாக இருக்குமானால் கட்ட முடியாமையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் கடன்களில் கோளாறு இருந்ததை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2018 ஓகஸ்டில் திருகோணமலை உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் வாங்கிக் கட்ட முடியாதிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசு பொறுப்பெடுத்துத் தள்ளுபடி செய்தது. அதே வருடம் இறுதியில் மத்திய வங்கி, தன்னிடம் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீத உச்சவரம்பு வைத்தது. 35க்கு வரம்பு வைக்க வேண்டி வந்ததென்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கப்பட்டிருக்கும்? 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, 220 வீதம்வரை வட்டி அறவிடப்பட்டதைப் பதிவு செய்தார். வசூலிக்க வந்தவர்கள் சில இடங்களில் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்டதையும் பதிவு செய்தார். 220 வீதத்தில் கையெழுத்து வாங்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கையெழுத்திட்டவளின் அறியாமையைப் படமாக்குவது எந்த நியாயத்தில் சேரும்?

3. விழிப்புணர்வு இல்லாத பெண்கள் என்று சொல்வது பொய்.

இந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் பிடித்தவர்கள். யார் முதல் சீட்டு எடுத்தால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை விரல் மடக்கிச் சொல்லுவார்கள். அடகு வைத்த நகை எந்த மாதம் மூழ்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுத்தது கணக்குத் தெரியாததால் அல்ல. தான் கட்டாவிட்டால் பிணை நின்ற பக்கத்து வீட்டுக்காரி கட்ட வேண்டி வரும் என்பது தெரிந்ததால். 2021 மார்ச் 8 முதல் ஹிங்குராக்கொடையில் 50 நாட்களுக்கு மேல் வீதியோரம் உட்கார்ந்து நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்த பெண்களுக்கு யார் விழிப்பூட்டினார்கள்?

4. குற்றவாளிகளை ஏற்கெனவே காட்டியாயிற்றே, இனி என்ன என்கிறார்கள்.

2022 யூலை 9 அன்று சனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் மக்கள் குதித்த காட்சி உலகெங்கும் ஓடியது. அதோடு இலங்கை நெருக்கடியின் கதை முடிந்ததாகப் பல படங்கள் எண்ணிவிட்டன: ஒரு குடும்பம் கெடுத்தது, மக்கள் எழுந்தார்கள், குடும்பம் ஓடியது. நல்ல கதைதான், பாதிக் கதை.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பொருளாதாரத்தைத் தவறாகக் கையாண்டு பொதுமக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று அது சொன்ன பட்டியலில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச மூவரும் இருந்தனர். மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன், முன்னாள் திறைசேரிச் செயலாளர் எஸ். ஆர். ஆட்டிகல, சனாதிபதியின் முன்னாள் செயலாளர் பி. பி. ஜயசுந்தர ஆகியோரும் நாணயச் சபையும் அதே பட்டியலில் இருந்தனர். குடும்பப் பெயரை ஊரே அறியும். மற்றப் பெயர்களைக் கிளிவெட்டிச் சந்தியில் நின்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் எந்தக் கூட்டத்தில், எந்த ஆலோசனையைத் தள்ளிவிட்டு, எதில் கையொப்பமிட்டார்கள் என்பது தீர்ப்பில் கிடக்கிறது. தண்டனை? மனுதாரருக்கு ஆளுக்கு 1,50,000 ரூபா வழக்குச் செலவு. படம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆட்சி மாறினாலும் கை மாறவில்லை என்பதற்கு 2015 பெப்ரவரி 27 சாட்சி. அன்று 100 கோடி ரூபாவுக்கு 30 வருடப் பிணைமுறி என்று மத்திய வங்கி விளம்பரம் செய்துவிட்டு, 1,000 கோடிக்கும் மேல் ஏற்றுக்கொண்டது. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரன். ஏலத்தில் பெரும்பங்கை எடுத்த பேர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் அவருடைய மருமகனோடு தொடர்புடைய கம்பனி. சனாதிபதி ஆணைக்குழு 2017 முடிவில் அறிக்கை கொடுத்தது. ஊழியர் சேமலாப நிதியம் அந்த முறிகளைப் பிறகு கூடிய விலைக்கு வாங்கி இழந்ததையும் அது ஆராய்ந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, மறுபடியும் அதே நிதியத்தின் முறிகள்தான் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. மறுத்தால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்ற நிபந்தனையோடு. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்கு. வங்கிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன, அவை விழுந்தால் எல்லோருக்கும் கேடு என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் தையல் தொழிற்சாலையில் வேலை செய்து சேமலாபம் சேர்த்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும், கமரா ஓடட்டும்.

5. பெயர் சொன்னால் வழக்கு வரும்.

வரும். இந்தியாவில் 2020இல் தொழிலதிபர்களைப் பற்றிய 'பேட் பாய் பில்லியனர்ஸ்' ஆவணத் தொடருக்குப் பீகாரிலும் ஹைதராபாத்திலும் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். கடைசியில் ஓர் அத்தியாயம் இல்லாமல்தான் அது வெளியானது. இந்த அச்சத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டது. 2017 பெப்ரவரி முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மத்திய வங்கியிடம் எழுதிக் கேட்கலாம். ஆணைக்குழு அறிக்கையும் தீர்ப்பும் கம்பனிகளின் ஆண்டறிக்கையும் பகிரங்கமானவை. ஆவணத்தை வைத்துக்கொண்டு பேசுபவருக்கும் வாய்க்கு வந்ததைப் பேசுபவருக்கும் வித்தியாசம் உண்டு; அந்த வித்தியாசம்தான் பாதுகாப்பு.

டென்மார்க்கின் டொம் ஹைனமன் 2010இல் நுண்கடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைப் பற்றி எடுத்த படம் நோர்வேத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அவர் வங்காளதேசக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களோடு பேசினார். அத்தோடு நில்லாமல் நோர்வே உதவி நிறுவனத்தின் பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, 1996இல் உதவிப் பணம் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதைக் கேள்வியாக்கினார். நோர்வே அரசு ஆராய்ந்து, மோசடி எதுவும் இல்லை என்று சில நாட்களில் அறிவித்தது. படம் தோற்றது என்று இதைச் சொல்வோர் உண்டு. கேட்டதற்குப் பதில் வந்தது. பொறுப்புக்கூறல் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் என்ன பொருள்?

6. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

கிளிவெட்டியில் வாழ்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11 அன்று அங்கே 24 பேர் கொல்லப்பட்டனர். இருபது வருடம் கழித்து, 2016 யூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் ஆறு பேரும் அனுராதபுர மேல் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கொலையையும் வட்டியையும் நான் ஒரு தராசில் வைக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை பதிவு செய்யாமல் இரு என்பவருக்குத் தீர்ப்பு எப்போது, எப்படி வரும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் சட்டத்தின் கை எங்கே நீண்டது? 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் குற்றவழக்குக்கு இழுக்கப்பட்ட ஒரே வங்கி, நியூயோர்க் சீனர் குடியிருப்பில் ஒரு குடும்பம் நடத்திய அபேகஸ் என்ற சின்ன வங்கி. 2015இல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அது விடுபட்டது. ஸ்டீவ் ஜேம்ஸ் 2016இல் அதைப் படமாக்கினார். பெரிய வங்கிகள் தண்டப்பணத்தோடு தப்பியபோது, இந்த வங்கியின் ஊழியர்களை ஒருவரோடொருவர் விலங்கிட்டு நீதிமன்றத்துக்கு நடத்திப்போன காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. அது தீர்ப்புச் சொல்லவில்லை; யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள் என்பதைக் காட்டியது.

7. நிறுவனங்கள் போய்விட்டால்?

இதுதான் கனமான வாதம். 2010 ஒக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டதும் அங்கே நுண்கடன் நின்றுபோனது. கடன் மட்டும் நிற்கவில்லை. ஏழை வீடுகளின் கூலியும் செலவும் சேர்ந்து குறைந்தன என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. கடன் அடியோடு இல்லாத ஊரில் இருந்தவர்கள் நாங்கள். விதைநெல்லுக்குக் காசில்லாமல் வயலைத் தரிசாக விட்டவர்களை எனக்குத் தெரியும். கடன் வேண்டாம் என்று நான் எழுதவில்லை.

ஆனால் இந்த வாதம் எதைக் கோருகிறது என்று பாருங்கள். உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும், ஆகவே சொல்லாதே என்கிறது. வட்டி வீதம் வெளிச்சத்துக்கு வந்தால் நிற்க முடியாத தொழில் இருட்டில் நிற்பதால் யாருக்கு நன்மை? நியாயமான வட்டிக்குக் கொடுப்பவர் தன் கணக்கைக் கமராவுக்கு முன் வைக்கத் தயங்க மாட்டார். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. அவற்றின் குறைகளையும் சேர்த்தே படமெடுங்கள். பெண்கள் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மீற்றர் வட்டிக்காரனைக் காட்டிப் பயமுறுத்துவது, 50 வீதத்தை நியாயமாக்க 300 வீதத்தைத் துணைக்கு அழைப்பதுதான்.

அடுத்த குழு வரும். வந்தால் வீடு காட்டுவேன். அதற்கு முன் மூன்று கேட்பேன். அட்டையை முழுத்திரையில், ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் நேரம் விட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்தின் பணிப்பாளர் சபைக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, வந்த பதிலையோ வராத பதிலையோ படத்தில் சேர்க்க வேண்டும். படம் முடிந்ததும் கொழும்பில் காட்டுவதற்கு முன் இங்கே காட்டி, அக்கா வேண்டாம் என்ற காட்சியை வெட்ட வேண்டும்.

போன கிழமை அக்காவிடம் இதைச் சொன்னேன். அட்டை இன்னும் கிடக்கிறதா என்று கேட்டேன்.

"கிடக்கு தம்பி. கட்டி முடிச்ச அட்டையும் மூண்டு கிடக்கு. அதையும் காட்டலாமா?"